கிளீனர் சீட்டில் என் வீட்டுக்காரர்

அறுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேயரில் ஹேடோ மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி டிரைவர். ஒருநாள் அவருக்கு வலது கால் மரத்துப்போனது. பிரேக்கை மிதித்தாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. லாரி ஒரு தென்னையில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். உடம்பைக் காரணம் காட்டி வேலையை விட்டுப் போகலாம், இல்லையென்றால் சம்பளம் குறைந்து அதே லாரியில் கிளீனராக இருக்கலாம் என்றார்கள் ஆபீஸில். "இது தண்டனை இல்லம்மா" என்று என்னிடமும் சொன்னார்கள்.

எனக்கு மண்டை குடைந்தது. தப்பே செய்யாத ஆளை எப்படிக் கீழ் வேலைக்கு இறக்குவார்கள்? கம்பவுண்டரைக் கேட்டேன், கிளார்க் பெண்டாட்டியைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"நேத்து வரைக்கும் உங்ககிட்ட கிளீனரா இருந்து டீ வாங்கித் தந்தவன் இன்னைக்கு டிரைவர். அவன்கிட்ட நீங்க கிளீனரா? அடுத்த கப்பல்ல பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மெயின்லேண்ட் போறேன்" என்று கத்தினேன்.

"போயி யார் வீட்டுல உட்காரப் போற? இங்கன்னா குவார்ட்டர்ஸாவது மிஞ்சும்" என்றார். மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

ஆனால் தண்ணீர் பிடிக்காமல் முடியுமா? லாரி சத்தம் கேட்டதும் குடத்தோடு போனேன். நிஜத்தைச் சொன்னால், அவர் எப்படி இறங்குகிறார் என்று பார்க்கும் ஆவலும்தான். கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்து, காலை இழுத்தபடி இறங்கினார். வரிசையில் ஒரே கிசுகிசு. பக்கத்து வீட்டு அக்கா, தீவிலேயே பிறந்தவர், ஒளிவு மறைவில்லாமல் கேட்டார்: "க்யா சஜா மிலா? என்ன தண்டனை குடுத்தாங்க? என்ன தப்பு பண்ணினார்?" எனக்குத் தலை நிமிரவில்லை.

எங்கள் சந்தில் லாரியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பெரிய பள்ளம். பின்பக்கமாகவே கொண்டுவர வேண்டும். புது டிரைவருக்கு முகமெல்லாம் வியர்வை. என் வீட்டுக்காரர் பின்னால் போய் நின்று, "ஆனே தோ... ஆனே தோ..." என்று, வரட்டும் வரட்டும் எனக் குரல் கொடுத்தார். ஈர மண்ணில் சக்கரம் சறுக்கிப் பள்ளத்துப் பக்கம் போனது. பெண்கள் அலறினோம்.

"ரோக்கோ!"

லாரி அப்படியே நின்றது. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவர் பதறவில்லை. "ஆகே லேவ், மெதுவா முன்னால எடு. இப்போ ஸ்டியரிங்கை ஒடி... ஆனே தோ" என்று, முழு லாரியையும் அந்தக் குரலாலேயே கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் குதித்து இறங்கி, "உஸ்தாத், நீங்க இல்லேன்னா நான் காலி!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெருமையாகவும் இருந்தது. அக்கா பக்கம் திரும்பி, வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்: "சஜா நஹீன் தீதி. கால்தான் கெட்டுப்போச்சு. ஆளு நல்லாத்தான் இருக்காரு!"

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

இன்றைக்கும் யாரையாவது கீழ் வேலைக்கு இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், 'என்ன தப்பு பண்ணினார்?' என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை, 'உடம்புக்கு என்ன?' என்றுதான் கேட்கிறேன்.