அந்தக் கால் என்னுடையது

ஜெயபுரத்தில் கதவில்லாத ஒரு வீட்டில் பத்து மாதம் இருந்தேன். ஒரே கூரையின் கீழ் நான் இவ்வளவு காலம் தொடர்ந்து இருந்தது அங்கேதான். அதை முழுக் கூரை என்றும் சொல்ல முடியாது. பாதிக்கு ஓடு, மீதிக்குத் தறப்பாள்.

வீட்டுக்காரி என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் இல்லை, ஒரே மகள். இரண்டு பேரும் அரைக் கட்டை தூரத்தில் தங்கையின் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். சண்டை முடிந்து அக்கா திரும்பி வந்தபோது சுவர் நின்றது. கதவு, நிலை, யன்னல் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்ச ஓடாவது தப்ப வேண்டும், மாடுகள் உள்ளே படுக்கக் கூடாது என்று ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அரிவு வெட்டு, கிணறு இறைப்பு, சீமெந்துக் கல் அரிவது என்று முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் அலைந்தவன். வரவிருந்த மாரிக்கு எனக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது.

மகளுக்கு வட்டக்கச்சியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. அக்காவிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். சித்திரைக்கு முன் கதவு போட்டு, கூரையைத் திருத்தித் தருவதென்று பேச்சு. அதற்காக அக்கா கூரைக்கான பனஞ்சிலாகைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தங்கை வீட்டுக் கோடியில் அடுக்கி வைத்திருந்தார்.

தை மாதம் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பொடியன்கள், ஒரு பெண்பிள்ளை. அவள்தான் கதை எழுதியவள், படம் எடுப்பவளும் அவளே.

"அண்ணை, மூண்டு நாளைக்கு இந்த வீட்டைத் தருவீங்களோ? ஒரு பேய்ப்படம் எடுக்கப்போறம்."

வீடு என்னுடையது இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போய் அக்காவிடம் சொன்னேன்: "கமராவோடை ஆக்கள் வந்திருக்கினம். வீட்டைப் படம் எடுக்கப்போகினமாம்."

பேய் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று நினைத்தேன். அவர்கள் மூன்று நாளும் எனக்குச் சோற்றுப் பார்சல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இடிந்த வீட்டைப் படமெடுக்க எங்கள் பக்கம் யார் வந்தாலும் அது உதவிப்பணம் தரும் வீட்டுத்திட்டத்துக்குத்தான். அப்படித்தான் எத்தனையோ பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா உடனே விளக்குமாற்றோடு வந்து முற்றத்தைக் கூட்டினார். சேலை மாற்றி, கழுவிய முகத்தோடு வாசலில் நின்றார். பயனாளியும் படத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்கள் கொஞ்சம் அங்காலை நிப்பீங்களோ?" என்றாள். அக்கா விலகி நின்று, கமரா போன பக்கமெல்லாம் பின்னாலேயே போனார்.

"இந்த வெடிப்பையும் எடுங்கோ பிள்ளை. இது அத்திவாரம் வரைக்கும் போகுது. அறைக்குள்ளை வாங்கோ, அங்கை இதைவிட மோசம்."

அவளுக்கு விளங்கியிருக்கும். என்னைப் பார்த்தாள். நான் கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன்.

கதை இதுதான். மூன்று சிநேகிதர்கள் ஒரு பாழ்வீட்டுக்குப் போய்க் காணாமல் போகிறார்கள். பிறகு கிணற்றில் ஒரு கைத்தொலைபேசி அகப்படுகிறது. அதில் இருப்பதுதான் முழுப் படமும். அதனால் எல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும், எடுக்கிறவனின் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். யானை வரும் என்பதால் இருட்டில் எடுக்க அவர்களுக்குப் பயம். பகலில் எடுத்து, பிறகு கணினியில் இருட்டாக்கினார்கள்.

பேய் நான். முகம் வராது, கால் மட்டும் வரும். என் வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் கண் அதிலேயே நின்றது. எப்படி என்று கேட்டாள். சண்டையின் கடைசி மாதம், கடற்கரைப் பக்கம் என்றேன். அரிசிமா பூசி, யன்னல் இல்லாத யன்னலடியில் மெதுவாக நடக்கச் சொன்னாள். நடந்தேன். பேயாக இருப்பது கல் அரிவதைவிடச் சுகமான வேலை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். யன்னல்களைப் போர்வையால் மூடியிருந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு தாளும் பேனாவும் தந்தார்கள், பார்த்துவிட்டு அபிப்பிராயம் எழுத.

முதலில் வெள்ளை எழுத்து வந்தது. இது உண்மைச் சம்பவம், கிணற்றில் கண்டெடுத்த தொலைபேசியில் இருந்தவை என்று. அப்போதே மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. வேறு ஊரில் அந்த வரியைப் பார்த்தால் சிரிப்பார்களோ தெரியாது. எங்கள் ஊரில் சண்டைக்குப் பிறகு கண்டெடுத்த தொலைபேசிகளில் இருந்தவற்றை ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் பொய்யாக இருக்கவில்லை.

படம் முடிந்து போர்வைகளைக் கழற்றியதும் அபிப்பிராயம் தொடங்கியது. தாளில் இல்லை, வாயில்.

"ஓடேக்கை ஆரடா படம் எடுப்பான்? எறிஞ்சுபோட்டெல்லோ ஓடுவான்" என்றார் கடைக்காரர் ஒருவர்.

"சண்டைக்கு ஓடேக்கை நீங்கள் எறிஞ்சனீங்களோ?" பின்னாலிருந்த ஒரு பெண் கேட்டாள். "நான் இரணைமடுவிலை இருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனனான். மூண்டு நாள். சமைக்கவும் இல்லை. போடவும் மனம் வரேல்லை."

"எங்கடை மனிசன் ரேடியோவைத் தூக்கினவர். பற்றரி இல்லாத ரேடியோ."

"அப்ப கையிலை கிடந்தது கையிலைதான் இருக்கும். அது சரியாத்தான் எடுத்திருக்கினம்."

"பேய் ஏன் நொண்டுது?"

"பேயும் இடம்பெயர்ந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எடுக்கச் சொன்ன வெடிப்பு திரையில் மேலிருந்து கீழே நீளமாக வந்திருந்தது, அடியில் யாரோ முனகும் சத்தத்தோடு. கலையும்போது என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இது வீட்டுத்திட்டத்துக்கு இல்லையே?"

"இல்லை அக்கா."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

அந்தப் பிள்ளை தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரும்பாலானவற்றில் 'நன்று' என்று இருந்தது. ஒன்றில் 'மண்டபத்துக்கு மின்விசிறி தேவை' என்று எழுதியிருந்தது.

பிறகு படத்தை யூடியூப்பில் போட்டார்கள். வேலை இல்லாத நாட்களில் கடை வாங்கில் உட்கார்ந்து, படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதியிருப்பதை வாசிப்பேன். கனடாவிலிருந்து ஒருவர் எங்கடை வீடு மாதிரியே இருக்கு, அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார். கமராக்காரன் மடையன் என்று ஒருவர். அதற்குக் கீழே அவரை மடையன் என்று இன்னொருவர். கால் தரமான கிராபிக்ஸ் என்று நாலைந்து பேர். இது எந்த இடம் என்று ஒருவர் கேட்க, ஜெயபுரம், இன்ன வாய்க்கால் திரும்பி மூன்றாவது காணி என்று யாரோ வழி சொல்லியிருந்தார்கள். அதை இரண்டாம் தரம் வாசித்துவிட்டு எழும்பினேன்.

ஒரு கிழமையில் வட்டக்கச்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பேய்வீட்டில் பிள்ளையைக் குடிவைக்க முடியாது, வேறு வீடு இருந்தால் பார்ப்போம் என்று.

அக்கா வந்து முற்றத்தில் நின்றார். திட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த சிறு பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் காட்டினார். அந்த வீட்டுக் கதவின் பழைய இரும்புத் திறப்பு.

"வெளிக்கிடேக்கை பூட்டிப்போட்டு இதைத்தான் கொண்டு போனனான். அண்டைக்கு மண்டபத்திலை ஆளுக்காள் சொல்லேக்கை எனக்கும் சொல்ல வாய் வந்தது. பிறகு என்னத்தைச் சொல்லுறது எண்டு விட்டிட்டன். கதவே இல்லை, திறப்பு இருக்கு." திறப்பைத் திரும்பப் பையில் வைத்தார். "அவளுக்கு இருபத்தெட்டு முடியப்போகுது தம்பி. உந்தச் சம்பந்தத்தையும் விட்டா எனக்கு வேறை வழியில்லை."

படத்தை யூடியூப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அந்தப் பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் அழுதாள். எடுத்தாலும் பிரயோசனம் இல்லை அண்ணை, ஆட்கள் பிரதி எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்றாள். அது உண்மைதான். அந்த இரண்டு வெள்ளை வரிகளையாவது அழிக்கிறேன் என்றாள். அழித்தாள்.

மறுநாள் நானும் அக்காவும் பஸ் ஏறி வட்டக்கச்சிக்குப் போனோம். வயலுக்கு நடுவே நல்ல வீடு. மாப்பிள்ளையின் தகப்பன் கதிரை எடுத்துப் போட்டார். கதைத்ததெல்லாம் தாய்தான். அவா படத்தை மூன்று தரம் பார்த்திருந்தா.

"அந்தப் பேய் நான்தான்" என்றேன்.

அவா என்னை மேலும் கீழும் பார்த்தா. "சம்பந்தத்தை விட்டிடக்கூடாது எண்டு ஆளைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்று அக்காவுக்குச் சொன்னா.

செருப்பைக் கழற்றினேன். அவா தொலைபேசியை எடுத்து, கால் வரும் இடத்தில் நிறுத்தி, குனிந்து என் காலுக்குப் பக்கத்தில் பிடித்தா. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தா.

"அது வெள்ளையா இருக்கு."

"மா பூசினது அம்மா."

"என்ன மா?"

"அரிசிமா."

குசினிக்குள் போனா. ஒரு கிண்ணத்தில் அரிசிமாவோடு வந்து முன்னால் வைத்தா. தகப்பன், "விடப்பா, உது என்ன வேலை" என்றார். அவா கேட்கவில்லை. அவாவின் முன்னால் உட்கார்ந்து காலுக்கு மா பூசினேன். சீமெந்துத் தரையில் நடக்கச் சொன்னா. நடந்தேன். படத்தில் நடந்ததைவிட மெதுவாக நடந்தேன். பயமாக இருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், அழுகைக்கா சிரிப்புக்கா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு காலம் அங்கை படுத்தனீர்?"

"ஒன்பது மாதம்."

"தனியவோ?"

"ஓம்."

"ஒண்டும் காணேல்லையோ? உள்ளதைச் சொல்லும்."

"மழைக்கு ஒழுகும். ஒருக்கா புடையன் பாம்பு வந்தது. வேறொண்டும் இல்லை."

அவா யோசித்தா. "எனக்கு விளங்குது. எங்கடை ஆக்களுக்கு ஆர் விளங்கப்படுத்துறது? எல்லாரும் பார்த்திட்டினம்." பிறகு தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னா: "பால் காய்ச்சிற அண்டைக்கு உவர் வாசல் படலையடியிலை வெறுங்காலோடை நிக்கட்டும். எங்கடை ஆக்கள் பார்த்துப்போட்டு உள்ளுக்கை வரட்டும். அதுக்குப் பிறகு உவர் அங்கை இருக்கக்கூடாது. பேய் நடிச்ச ஆள் வீட்டிலை கிடந்தா, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் கதைப்பினம்."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கேட்கமாட்டார் என்று தெரியும். நானே ஓம் என்றேன்.

பங்குனியில் கூரை வேலை முடிந்தது. சிலாகை அடிக்க நானும் ஏறினேன். வெடிப்பைச் சாந்து வைத்து அடைத்து வெள்ளை அடித்தோம். கதவு வந்தது, புதுப் பூட்டும் புதுத் திறப்பும் வந்தன. பழைய திறப்பு அக்காவின் இடுப்பிலேயே இருந்தது.

பால் காய்ச்சிய அன்று காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படலையடியில் நின்றேன். இரண்டு வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் முதலில் என் காலைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தை, பிறகு வீட்டை.

"இதுதானோ?"

"சீ, இவ்வளவுதானோ?"

"படத்திலை பெரிசாத் தெரிஞ்சுது."

ஒரு பெண்பிள்ளை காலோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். ஒரு கிழவர் மட்டும் நம்பவில்லை. பேய்க்கு விரல் இல்லையென்றுதான் உம்மைத் தேடிப் பிடித்தார்கள் என்றார். ஆனால் அவரும் உள்ளே போனார். பால் பொங்கிய சத்தமும் பெண்களின் கதையும் வெளியே கேட்டன.

மாப்பிள்ளையின் தாய் வாழையிலையில் பொங்கலைச் சுற்றிக் கொண்டுவந்து தந்தா. "பேய்க்கும் ஒரு பங்கு" என்றா. நல்ல நெய்ப் பொங்கல்.

என் பை முதல் நாளே கட்டியிருந்தது. கிணற்றடியில் காலைக் கழுவி, செருப்பைப் போட்டேன். அக்கா படலை வரை வந்தார். "எங்கை போப்போறாய்?" என்றார். முல்லைத்தீவுப் பக்கம் கல் அரிய ஆள் கேட்டிருக்கிறார்கள் என்றேன். யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, உள்ளே ஆட்கள் கூப்பிட, போனார். போகும்போது கதவைச் சாத்திப் பார்த்து, திரும்பத் திறந்து வைத்ததைக் கண்டேன்.