சகலையின் காது

என் சகலை குமரேசனுக்கு நினைவு தப்பவே இல்லை. காதுதான் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்பது பேர் கூடி உட்கார்ந்து அவரை வழியனுப்பி வைத்தார்கள். பத்தாவது ஆளாக நானும் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களைத் திட்டிவிட்டுப் போவதென்றால் எனக்குப் பேனாவே வேண்டாம், வாயே போதும்.

நானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவர் மூத்தவள் வள்ளியை, நான் இளையவளை. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமனார் வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மாமனாரைப் பற்றியே கிசுகிசுத்துச் சிரிப்போம். அந்தக் கிசுகிசுப்பு அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும். அப்படிப்பட்ட காது.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். முப்பத்தோரு வருஷம். செங்கம் வழி, வேலூர் வழி, பௌர்ணமி வந்தால் ஸ்பெஷல் பஸ். கிரிவலக் கூட்டம் மூச்சு முட்ட அடைத்துக்கொண்டிருக்கும்போது, கடைசி சீட்டில் ஒரு அம்மா “எறங்கணும்பா” என்று முனகினால் முன்படியில் நிற்கிறவர் விசில் ஊதிவிடுவார். “டிக்கெட் எடுக்காதவன் மூச்சு வுடுற சத்தமே வேற சகலை” என்பார். பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் ஆளைப் பிடிப்பார்.

அந்தக் காதை ஏர் ஹாரனும் இன்ஜினும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. மிச்சத்தை வயசு தின்றது. ரிட்டயர் ஆகி, மகன் இளஞ்செழியன் வேங்கிக்காலில் கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டாம் வருஷமே டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்க ஆரம்பித்தார். மருமகள் அருணாதேவி பள்ளிக்கூடத்து டீச்சர். நாளெல்லாம் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குத் தலைவலி. ரிமோட்டை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

காது போனவரிடம் யாரும் சண்டை போடுவதில்லை. அதுதான் கொடுமை. சும்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். “இன்னா சொன்னே?” என்று கேட்பார். ஒரு தடவை சொல்வார்கள், இரண்டு தடவை கத்துவார்கள், மூன்றாம் தடவை “ஒண்ணுமில்ல வுடு” என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பேத்திக்கு வரன் வந்தது ஒண்ணுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செத்தது ஒண்ணுமில்லை. வள்ளி இருந்த வரைக்கும் ராத்திரி சாப்பாட்டின்போது அன்றைய ஒண்ணுமில்லைகளையெல்லாம் அவர் காதருகே வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவாள். அவளும் போனபிறகு மனிதர் மற்றவர்களின் வாயைப் பார்த்தே வாழப் பழகிக்கொண்டார்.

நானும் யோக்கியன் இல்லை. கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் எங்களைப் போன்ற ரிட்டயர்டு ஆசாமிகள் காலையில் கூடுவோம். ஒருநாள் மற்றவர்களைச் சிரிக்க வைப்பதற்காக, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து அவரிடம் என்னவோ கேட்டேன். அவர் என் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு, “தூக்கமா? அது பரவால்ல சகலை, நல்லா வருது” என்றார். பெஞ்சே குலுங்கியது. அவரும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அடுத்த வாரத்திலிருந்து அவர் பெஞ்சுக்கு வரவில்லை. காதை விட்டுவிட்டு முட்டிவலி என்று சொன்னார்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இளஞ்செழியனைப் பிடித்துத் திட்டி, காது மிஷின் வாங்க வைத்தேன். மாட்டிய அன்று நேராக என் வீட்டுக்கு வந்தார். “சகலை, என் செருப்பு சத்தம் போடுது!” என்று வாசலில் நின்று இரண்டு முறை நடந்து காட்டினார். எழுபத்து நாலு வயதில் ஒரு மனிதர் தன் செருப்புச் சத்தத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதன்பிறகு இரண்டு வருஷம் நன்றாக இருந்தார். பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். எங்களை வட்டியும் முதலுமாகக் கிண்டல் செய்தார்.

போன ஐப்பசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் போகும்போது நர்ஸ் மிஷினைக் கழற்றி அருணாதேவி கையில் கொடுத்திருக்கிறார். தொலைந்துவிடக் கூடாதே என்று அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மாமனாருக்கு மலம் மூத்திரம் எடுத்தவள் அவள்தான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பூட்டியது பூட்டியதுதான்.

டாக்டர் முகத்தில் மாஸ்க்கோடு கால்மாட்டில் நின்று, “பெரியவரே, இது என்ன மாசம்? உங்க பையன் பேரு என்ன?” என்று கேட்டிருக்கிறார். வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவருக்கு வாயே தெரியவில்லை. திருதிருவென்று விழித்திருக்கிறார். “நினைவு சரியா இல்ல. நெஞ்சுல சளியும் கட்டியிருக்கு. வயசாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு ஊருக்கெல்லாம் அவர் நினைவு தப்பியவர். சளியில் குரலும் அடைத்து, அவர் வாயைத் திறந்தால் வெறும் இருமலும் முனகலும்தான். பார்க்க வந்தவர்கள் வாசற்படியில் நின்றே, “என்னைத் தெரியுதா?” என்றார்கள். பதில் வராததும் தலையை ஆட்டிவிட்டு அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசினார்கள்.

நான் அந்தச் சமயம் வேலூரில் மகள் வீட்டில் இருந்தேன். கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஒன்றரை மாதம் கிடந்தேன். “பெரிப்பா கடைசியில இருக்காராம்” என்று மகளுக்கு போன் வந்ததும் பஸ் ஏறினேன். தீபத் திருவிழாவில் அன்று தேர், தீபத்துக்கு இன்னும் மூன்று நாள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்கால் வரை நடந்தே போனேன்.

ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள். எலும்புக்கூட்டின்மேல் வேட்டியைப் போர்த்தியதுபோல் கிடந்தார். தலைமாட்டில் அவருடைய அக்கா ஆராயி, கையில் பால் டம்ளரும் ஸ்பூனுமாக.

“நாலு நாளா இழுத்துகினு கீறான் தம்பி. உசுரு போவ மாட்டேங்குது. ஏதோ ஆசை நிக்குது” என்றாள்.

உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் நம் பக்கத்தில் செய்கிறதை எல்லாம் செய்து முடித்திருந்தார்கள். முதலில் மண். நிலத்து ஆசையாக இருக்கும் என்று இளஞ்செழியன் பைக்கில் ஊருக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறான். அந்த நிலம் பிளாட் போட்டு விற்று எட்டு வருஷம் ஆகிறது. மேடாக்க லாரியில் மண் கொட்டி நிரவிவிட்டார்கள். சகலை உழுத மண் நாலடிக்குக் கீழே கிடக்கிறது. அவர் தொண்டையில் போனது எந்த ஏரி மண்ணோ.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. வலது கையை மெதுவாகத் தூக்கி, காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இதத்தான் மூணு நாளா செய்றான். வள்ளியோட கம்மலக் கேக்குறான். பொண்டாட்டி கம்மலு கண்ணுல நிக்குது” என்று ஆராயி மூக்கைச் சிந்தினாள்.

அருணாதேவி முகம் கறுத்துப்போய் நின்றாள். மாமியார் கம்மலை உருக்கி அவள் வளையல் செய்துகொண்டது எல்லோருக்கும் தெரியும். அந்த வளையலையே கழற்றி, சந்தனக் கல்லில் உரசி, பொன் உரசிய தண்ணீரையும் அவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்கும் உயிர் போகவில்லை. அதனால் இப்போது ஆளாளுக்குப் பால். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவர் இருமித் தவித்தார்.

இளஞ்செழியன் பக்கம் திரும்பினேன். “காது மிஷின் எங்கடா?” என்று கத்தினேன்.

இளஞ்செழியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “அதெல்லாம் இனிமே எதுக்கு சித்தப்பா? நினைவே இல்லாதவருக்கு மிஷின் மாட்டி இன்னா ஆவப்போவுது?”

“எடுத்துக்கொடு. ஆவுறத நான் பாத்துக்கறேன்.”

அருணாதேவி பீரோவைத் திறந்து எடுத்துத் தந்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினால் கீச்சென்று கத்துகிற சாமான், கத்தவில்லை. பேட்டரி செத்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பேட்டரி, எல்லாக் கடையிலும் கிடைக்காது. மிஷின் வாங்கிய கடை தேரடிப் பக்கம். தேர் நாளில் அந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாமலையாருக்கு அரோகரா போட, நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக இடித்துத் திட்டு வாங்கிக்கொண்டு போனேன். கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய் வாங்கினேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அந்த டீக்கடை பெஞ்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

திரும்பி வந்தபோது மணி நாலு. சொந்தபந்தமெல்லாம் உள் அறையில் டிவியில் தேர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆராயி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பேட்டரி போட்டு, காதில் பொருத்தினேன். கீச்சென்றது. சரிசெய்தேன்.

“சகலை, கேக்குதா?”

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கண் இரண்டும் நிரம்பிவிட்டது.

“கேக்குது” என்றார். குரல் கரகரத்தாலும் வார்த்தை தெளிவாக இருந்தது. ஒன்றரை மாதத்தில் அதுதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். “எல்லாம் எதுக்கு வந்துகீறாங்க? யாருக்கு இன்னா ஆச்சு?”

அவர் சாகப்போகிறார் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. நிலத்தைக் கரைத்து ஊற்றினார்கள், தங்கத்தை உரசி ஊற்றினார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் இடிபட்டுப் போய் வந்தது ஒரு வார்த்தை பேசத்தானே? நான் சொன்னது இதுதான்: “ஒண்ணுமில்ல சகலை. தேர் பாக்க வந்திருக்காங்க.”

“தேருக்கா” என்று லேசாகச் சிரித்தார்.

ஜன்னலுக்கு வெளியே இளஞ்செழியன் போனில் பேசிக்கொண்டு வந்து நின்றான். “இல்லண்ணே, இன்னும் ஆவல. இழுத்துகினே போவுது. தீபத்தன்னிக்கு ஆயிடுச்சுன்னா வண்டியே வுடமாட்டாங்க. சுடுகாட்டுக்குப் போற வழியெல்லாம் கிரிவலக் கூட்டம் நிக்கும், எப்படி எடுத்துட்டுப் போறது? நாளைக்குள்ள முடிஞ்சிட்டா அப்பாவுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ஃப்ரீஸர் பாக்ஸுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவன் சொன்னதில் தப்பு என்ன? ஊர் நிலவரம் அதுதான். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். கையை நீட்டி மிஷினை அணைத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சகலை ஒரு எழுத்து விடாமல் கேட்டார். பஸ்ஸில் கடைசி சீட்டுக் குரலைக் கேட்கும்போது புருவத்தைச் சுருக்குவாரே, அதே மாதிரி.

“எனக்கா?” என்றார் என்னைப் பார்த்து.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. பிறகு கையை மெதுவாகக் கொண்டுபோய், மிஷினைத் தானே கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டார். “சகலை, வெச்சுக்கோங்க சகலை” என்று கெஞ்சினேன். அவருக்குக் கேட்கவில்லை.

தலையைத் திருப்பி, அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

ஆராயி திடுக்கிட்டு விழித்தாள். “பாத்தியா தம்பி, பொன்னு தண்ணி வேல செஞ்சிடுச்சு. ஆசை அடங்கிடுச்சு, இப்பத்தான் தானா வாயத் தெறக்குறான்” என்று அழுதுகொண்டே பாலை எடுத்தாள். உள் அறையிலிருந்து வந்தவர்கள் என் கையிலும் ஸ்பூனைக் கொடுத்தார்கள். ஊற்றினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிந்தது. வண்டி தடையில்லாமல் போனது. மத்தியானத்துக்குள் எல்லாம் ஆகிவிட்டது. காரியத்துக்கு வந்தவர்களிடம் இளஞ்செழியன், “கடைசியில அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. கஷ்டப்படாமப் போயிட்டாரு, புண்ணியவான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “இல்ல சித்தப்பா?” என்று கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.