தவமலர் அக்காவின் பெயரும் ஒரு பிடிஎஃப்பும்

பக்கத்துக் கடையில் ரோல்ஸ் பொரிகிற வாசம்... எங்கள் கடையில் பிரிண்டர் சூடாகிற மணம்... இரண்டும் கலந்ததுதான் என் முதல் வேலை.

யாழ்ப்பாண டவுனில் சின்னத் தட்டச்சுக் கடை. ஊர்ப் பென்ட்ரைவ் எல்லாம் வைரஸ் கொட்டி கம்ப்யூட்டர் படுத்துவிட, முதலாளி அண்ணை வைரஸ் லேசில் பிடிக்காத லினக்ஸ் போட்டுவிட்டார். எங்களுக்கு அதிகம் வருவது கல்வெட்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அச்சகம் பக்கங்களை அமைத்து பிடிஎஃப் அனுப்பும். நான் அதில் பிழை குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

குறிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமே! முதலாவது சட்டென்று திறந்தது, ஆனால் ஒரு கோடு கீற விடவில்லை. இரண்டாவதில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்றாவதில் மஞ்சள் சீட்டு, சிவப்புக் கோடு, தமிழும் வடிவாய் வந்தது.

"உதுதான் அண்ணை எனக்கு வேணும்!" என்று துள்ளினேன்.

அந்தக் கிழமை புத்தூரிலிருந்து தவமலர் அக்கா வந்தார். அவருடைய தகப்பனின் கல்வெட்டு எங்களிடம் இருந்தது. கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய பிள்ளைகள் பட்டியலில் மூத்தவரான இவர் பெயர் இல்லை. விரும்பிக் கலியாணம் கட்டியவர்... இருபது வருஷமாய் வீட்டோடு பேச்சில்லை.

"தம்பியோடை கதைச்சிட்டன் பிள்ளை. போடச் சொல்லிட்டான். மறந்துபோகாதேங்கோ, என்ன?"

"ஓம் அக்கா, இப்பவே போடுறன்."

அவர் கண் முன்னாலேயே மஞ்சள் சீட்டு ஒட்டி அனுப்பினேன்.

புத்தகம் கட்டுக்கட்டாய் வந்து இறங்கியது. பெயர் இல்லை!

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். "உங்கடை ஃபைலிலை ஒரு குறிப்பும் இல்லையே தங்கச்சி. பிழை ஒண்டும் இல்லையாக்கும் எண்டு அடிச்சிட்டம்."

என் திரையில் சீட்டு பளிச்சென்று நிற்கிறது. அந்த சாஃப்ட்வேர் குறிப்பை எல்லாம் என் கம்ப்யூட்டரில் தனியாக வைத்துக்கொண்டு, ஃபைலை வெறுமையாய் அனுப்பியிருக்கிறது. வேறொரு கம்ப்யூட்டரில் ஒருக்கால் திறந்து பார்த்திருக்கலாம். மடைச்சி நான், பார்க்கவில்லை.

விடிந்தால் முப்பத்தோராம் நாள். திருப்பி அடிக்க நேரமில்லை. அக்கா வந்ததும் நான் அழுதே விட்டேன். அவர் அந்தப் பக்கத்தை விரித்துப் பார்த்தார்.

"பேனை இருக்கோ பிள்ளை?"

முந்நூறு புத்தகம். நான் விரித்து விரித்து நீட்ட, பட்டியலின் மேலே தன் பெயரைத் தானே எழுதினார். பின்னேரம் முழுக்க எழுதினார்.

இப்போது என் லினக்ஸில் குறிப்பு ஃபைலுக்குள்ளேயே போய்விடுகிறது. கனடாவிலிருந்து பத்து நிமிஷத்தில் திருத்தம் வரும். நிம்மதிதான்... ஆனால் கடைப்படி ஏறி வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். யாருக்காகத் திருத்துகிறேன் என்று முகம் தெரிவதில்லை.

அக்கா பெயர் எழுதிய அடுத்த நாள், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். புத்தகத்தை விரித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில் நின்றார்கள். அச்செழுத்துக்கு நடுவே நீல மையில் ஒரே ஒரு பெயர்.

"உது ஆர் எழுதினது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"நான்தான்" என்றார் அக்கா. "மூத்த மகள்."