பங்காளி விற்ற வண்டி

பல்லடத்தைத் தாண்டி ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கிற வேலை எனக்கு. வீடு கோவையில், கணபதியில். ஆலை வேன் கோவைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்ட பிறகு பஸ் மாறி மாறிப் போய்வந்தேன். வீடு திரும்ப இருட்டிவிடும். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"பழைய கார் ஒண்ணு வாங்கிக்கலாம் அம்மணி. அதுவும் தொந்தரவு பண்ணுச்சுன்னா வேலைய உட்டுப்போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தக் காபித் தம்ளரிடம் என்ன சண்டை போடுவது? கார் ஓடினால் வேலை உண்டு, நின்றால் இல்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் டீசல் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தெரியவந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. கணவர், மாமனார், எங்கள் தெருமுனை மெக்கானிக், நான் என்று நாலு பேரும் வாடகைக் காரில் போனோம். மெக்கானிக் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

விற்பவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். உட்கார்ந்ததும் ஊர் கேட்டார், மழை கேட்டார். பிறகு, "உங்களுக்குக் குலதெய்வக் கோயில் எதுங்க?" என்றார். மாமனார் சொன்னார்.

"அட, நமக்கும் அதேதானுங்க!"

அதோடு முடிந்தது. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்று தெரிந்த பிறகு அது வியாபாரம் இல்லை, விருந்து. முறுக்கு வந்தது, இளநீர் வந்தது. யார் பெண்ணை யார் கட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு அந்தியூர் வரைக்கும் போய்த் திரும்பியது. கார் வேப்பமரத்தடியில் தன்பாட்டுக்கு நின்றது. நான் மாமனார் பக்கம் குனிந்து, "மெக்கானிக் ஒருக்கா பாத்துறட்டுமுங்க மாமா" என்றேன்.

"பங்காளி ஊட்டுக்கு வந்து பானெட்டத் தூக்கிப் பாக்கறதா? நல்லாவா இருக்கும்?" என்று பல்லைக் கடித்தார்.

மெக்கானிக் முறுக்கைத் தின்றுவிட்டுக் கை கழுவினார். தேங்காய் பழத்தட்டில் சாவியை வைத்துக் கொடுத்தார்கள். மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாங்கிய வண்டியிலேயே திரும்பினோம். காங்கேயம் தாண்டி, பல்லடம் வருவதற்குள் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. முன்பக்கம் ஆவி. ஓரமாக நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் மஞ்சளாக இருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"மஞ்சத்தூளுங்க. ஒழுகற ரேடியேட்டர அடைக்கறதுக்குப் போடுவாங்க."

"மங்களகரமா இருக்கட்டும்னு போட்டிருப்பாரு" என்றார் மாமனார். அவரைத் தூக்கி அந்த ரேடியேட்டருக்குள்ளேயே போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் நிற்காமலே வெகுநாள் ஓட்டியதில் இன்ஜினின் தலைப்பகுதி வளைந்து போயிருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாகங்களைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்தார்கள். அப்படியே கிடந்தது. நான் மறுபடியும் பஸ்ஸில் போனேன். "இந்த மாசத்தோட வேலைய உடறேன்னு எழுதிக் குடுத்துறு" என்றார் கணவர், அதே காபி ஆற்றும் குரலில். விற்றவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். அவர் தன் அப்பாவைக் கைகாட்டினார். மாமனார் ஒருவழியாக ஃபோன் போட்டார். தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா, கறவை எப்படி இருக்கிறது என்று வெகுநேரம் விசாரித்தார். கடைசியில் பங்காளியே கேட்டுவிட்டார்.

"வண்டி எப்படிங்க ஓடுது?"

"தங்கமா ஓடுதுங்க" என்றார் மாமனார், என்னைப் பார்க்காமல்.

"சந்தோசமுங்க. அடுத்த வாரம் பத்திரிகை வைக்க உங்க ஊருப் பக்கம் வாரேன். அப்படியே வண்டியவும் பாத்துட்டுப் போறேனுங்க."

மாமனார் ஃபோனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அதுவரை ஷெட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்காதவர், அன்று முதல் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலைப்பகுதி லேத்துக்குப் போய்ச் சமமாகி வந்தது. கேஸ்கெட் புதிது, ரேடியேட்டர் புதிது, வாட்டர் பம்ப் புதிது. கணவரும் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போனார். வேலையை விடும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. என் வேலைக்காக அசையாதவர்கள் பங்காளியிடம் சொன்ன ஒரு பொய்க்காக ஓடினார்கள். வண்டி சரியானதில் எனக்கு நிம்மதிதான். ஆனாலும் வலித்தது.

பங்காளி ஒரு காலையில் வந்தார். பத்திரிகை வைத்தார், சாப்பிட்டார். "மருமக அந்தப் பக்கந்தான் வேலைக்குப் போகுது. பல்லடம் வரைக்கும் வண்டியிலயே போயிருங்க" என்று மாமனார் பெருமையாக அவரை முன் இருக்கையில் ஏற்றிவிட்டார்.

"நீங்களா ஓட்டறீங்க?" என்று பங்காளி ஒருமுறை கேட்டார். சூலூர் தாண்டியும் அவர் சாலையைப் பார்க்கவில்லை. கண் சூட்டைக் காட்டும் அந்த முள்ளின் மேலேயே இருந்தது. அது பாதியைத் தாண்டவில்லை.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார்.

"பெரியவருக்குக் கோயிலுக்குப் போகவரன்னு நெனச்சுப்போட்டேனுங்க. அம்மணி தெனமும் தனியா ஓட்டறதுக்குன்னு யாருமே சொல்லலீங்க. தெரிஞ்சிருந்தா அந்த ரேடியேட்டரப் பத்தி அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னது நிஜம்தான். அன்று அத்தனை பேச்சில், வண்டி யாருக்கு என்ற பேச்சு மட்டும் வரவேயில்லை.

"நானும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கியரைப் போட்டுக் கிளம்பினேன்.