ஒட்டுப்போட்ட பெல்ட்டின் சத்தம்

எத்திராஜை நான் ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் வைத்து அவமானப்படுத்தினேன். அவர் உயிரோடு இருந்தவரை அதற்காக நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லப்போவதையெல்லாம் படித்துவிட்டு, என்னை நல்ல மனிதன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும்.

போன மாதம் பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்க வேலப்பன்சாவடிக்குப் போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எத்திராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ‘எங்கள் ஊரின் குரல்’ என்று ஷேர் ஆட்டோ நண்பர்கள் போட்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு. பசையும் பெட்ரோலும் கலந்தாற்போல. எங்கள் ஒலிப்பதிவு அறையின் சுவரில் பஞ்சு ஒட்டிய நாளில் அதே வாசனைதான் வந்தது. பல் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. மருத்துவரைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஒலியியல் என் பாடம். கல்லூரி வளாகத்தில் சமுதாய வானொலி தொடங்கியபோது, ‘ஒலி தெரிந்தவர்’ என்று என்னை ஆலோசகராகப் போட்டார்கள். எங்கள் அலைவரிசை ஒரு பக்கம் அம்பத்தூர், ஒரு பக்கம் ஆவடி, இன்னொரு பக்கம் பூந்தமல்லி, அவ்வளவுதான். மதுரவாயல் தாண்டினால் கரகரவென்று ஆகி, நகரத்து நிலையம் ஒன்று எங்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நகரத்து நிலையங்களில் எங்கள் ஊர்களின் பெயர் வருவது போக்குவரத்து நெரிசல் செய்தியில் மட்டும்தான்.

எத்திராஜ் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார். நூம்பலில் பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். எங்கள் நிலையத்தை அன்றும் இன்றும் தாங்கிப் பிடிக்கும் சுமதி அப்போது மாணவி. எத்திராஜின் ஆட்டோவில்தான் கல்லூரிக்கு வருவாள். “சார், அவர் ஆட்டோவில ஏறினா இறங்கவே மனசு வராது சார். அவரைப் பேச வைக்கலாம்” என்றாள். பேச வைத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அவர் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. அழைப்பவர் பெயர் சொல்லக்கூடாது.

“ஊரயும் சொல்லாத. போன ஜன்னலாண்ட நீட்டு. இன்னா சத்தம் வருதோ வரட்டும். நீ எங்க கீறேன்னு நான் சொல்றேன்.”

அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதைப் போய் யார் கேட்பார்கள் என்று கூட்டத்தில் நான் கேட்டது குறிப்பேட்டில்கூட இருக்கும். ஆனால் கேட்டார்கள். தொழிற்பேட்டையின் சங்கு, ரயில்வே கேட்டின் மணி, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் அடி, மாவு மில், மழைக்கு முந்தின தவளை எல்லாம் வரும். எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பாதி தப்பாகத்தான் போகும். தப்பாகப் போனால்தான் ஊருக்குக் கொண்டாட்டம்.

“டமால் டமால்னு கேக்குது. எஸ்டேட்டு பிரஸ் ஷாப்பு. கரீட்டா?”

“இல்ல அண்ணாத்தே. எங்க ஊட்டுக்காரி துணி தொவைக்கிறா.”

“அய்யோ மாமே, நான் சொன்னத அந்தம்மாவாண்ட சொல்லிடாத. ராத்திரிக்கு உனுக்கு சோறு கெடைக்காது.”

பருத்திப்பட்டிலிருந்து ஒரு அம்மா தவளைச் சத்தம் கேட்க வைத்தால், அதோடு விடமாட்டார். “ஏரில தண்ணி எவ்ளோ கீது தாயி?” என்பார். “படி முங்கிப்பூட்சு நைனா” என்று பதில் வரும். ஆவடி முழுக்க அந்த வருஷம் ஏரி நிரம்பிய செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு முறை புதுக் குடியிருப்பிலிருந்து தென்காசிப் பையன் ஒருவன் அழைத்தான், கணினி வேலை. தன் ஜன்னலுக்கு வெளியே எந்தச் சத்தமும் இல்லை என்றான். “தொறந்தியா மொதல்ல?” என்றார் எத்திராஜ். அவன் குடிவந்து ஒரு வருஷமாக அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லையாம். நேரலையில் திறந்தான். கோயில் மேளம் கேட்டது. “தபாரு, நீ நம்ம ஊருல கீற. இப்பத்தான் வந்து சேர்ந்துகீற” என்றார்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. சென்னைக்கு வெளியே என்று யாரும் கணக்கில் எடுக்காமல் விட்ட இடங்களுக்குக் காது முளைத்த காலம் அது. தங்கள் தெருவுக்கு ஒரு சத்தம் உண்டு என்று ஜனங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை. அதன் கிறீச்சைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்டவன் நான். அந்தச் சத்தத்தை எத்திராஜ் சரியாகச் சொன்ன அன்று, என்னவோ நானே பரிசு வாங்கினாற்போல அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருந்தும் பொறாமை வந்தது. ‘அன்றாட அறிவியல்’ என்று நானும் ஒரு நிகழ்ச்சி நடத்தினேன். அதற்கு மொத்தமாக வந்த ஒரே அழைப்பு, “எத்தி அண்ணன் எப்ப சார் வருவாரு?” என்று கேட்டது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

அவர் சத்தத்தை வைத்துச் சொல்வதில்லை, அழைப்பவர்களின் குரலை அடையாளம் வைத்துச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறார் என்று எனக்கு நானே ஒரு கோட்பாடு உண்டாக்கிக்கொண்டேன். ஆட்டோவில் ஏறி இறங்கியவர்கள்தானே பாதிப்பேர்? விஞ்ஞானி அல்லவா நான், சோதனை செய்தாக வேண்டும். வேளாண்மை நிகழ்ச்சிக்காக முன்னொரு நாள் நூம்பலில் ஒரு கிணற்று மோட்டாரைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதன் பெல்ட்டில் ஒட்டுப் போட்டிருந்தது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தப்’, ‘தப்’ என்று தட்டும். அது யார் கிணறு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து அறையிலிருந்து அழைத்தேன். ஒரு சொல்லும் பேசாமல் பதிவுக் கருவியைத் தொலைபேசியின் வாயில் வைத்தேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு. எத்திராஜின் முகம் எனக்குத் தெரிந்தது. நான் இருட்டில் இருந்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“இது... இது எங்க கெணறு! அந்த ஒட்டு நான் போட்டதுயா! எங்க அண்ணன் மோட்டார போட்டுட்டாரு. கேட்டுக்கோங்க எல்லாரும், எங்க அண்ணன் நெலத்த குடுக்கல!”

எனக்குத் தெரியாத விஷயம் இதுதான்: அவருடைய அண்ணன் கன்னியப்பன், குடும்ப நிலத்தைக் கட்டடம் கட்டுபவரிடம் கொடுக்க முடிவு செய்திருந்தார். தம்பிக்கு மனமில்லை. மனஸ்தாபத்தில் எத்திராஜ் வீட்டை விட்டு வெளியேறிக் கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார். மோட்டாருக்கு மின் இணைப்பைத் துண்டித்தும் சில வாரம் ஆகியிருந்தது. ஆகவே அந்தச் சத்தம் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம் தந்தது.

இதெல்லாம் தெரியாது என்றுதான் இத்தனை காலம் எனக்குள் சமாதானம் சொல்லி வந்தேன். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசினேன்.

“நேயர்களே, பேராசிரியர் பேசுகிறேன், பக்கத்து அறையிலிருந்து. நீங்கள் கேட்டது வெறும் ஒலிப்பதிவு. எத்திராஜ் ஏமாந்துவிட்டார்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மெல்ல உட்கார்ந்தார். “ஆமாங்க. நான் ஏமாந்துட்டேன்” என்றார். ஒரு பாட்டைப் போடச் சொல்லிச் சுமதிக்குக் கை காட்டினார். அந்த விளையாட்டை அதன் பிறகு அவர் நடத்தவேயில்லை.

நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. ரத்தம் வேண்டுமா, காணாமல்போன ஆடா, பள்ளிச் சேர்க்கையா, அவர் குரலில் சொன்னால் நடந்தது. சாகும்வரை அந்த ஆறு மணி அவருடையதுதான். என்னைப் பார்த்தால், “இன்னா சார், டீ சாப்ட்டியா?” என்பார், முன்பு போலவே. ஒரு நாள் திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் டீ வாங்கித் தந்தார். நான் குடித்தேன்.

ஃப்ளெக்ஸைப் பார்த்த மறுநாள் சுமதி அழைத்தாள். “அவருக்காக ஆறு மணிக்கு ஒரு நிகழ்ச்சி பண்றோம் சார். வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க.”

அந்தப் பழைய பதிவை எடுத்துக்கொண்டு போனேன். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, இங்கே எழுதியதையெல்லாம் அப்படியே சொன்னேன். பிறகு, எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம் ஒன்றுதான்: அவருடைய விளையாட்டை அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் நடத்துகிறேன், நான் தோற்பதை எல்லோரும் கேட்கட்டும் என்றேன்.

தோற்றேன். நினைத்ததைவிட மோசமாக. அழைப்புகள் குவிந்தன, ஆனால் எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே சத்தம். ஏசியின் இரைச்சல், பின்னால் நகரும் காரின் பாட்டு. சங்கு இல்லை, பிரஸ் ஷாப் இல்லை, என் வீட்டுப் பின்னால் லேத் இருந்த இடத்தில் மருந்துக் கடை. “இன்னா வாத்தியாரே, ஒண்ணுகூட சொல்ல மாட்ற? எத்தி அண்ணன் இருந்தா தப்பாவாவது சொல்லுவாரு!” என்றார் ஒருவர். சுமதி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்து ஒரு அழைப்பு. அடுக்குமாடிக் கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரின் சீரான ரீங்காரம். எந்த ஊரிலும் கேட்கக்கூடியது. அதன் மேல் ஒரு கிழக்குரல்.

“சொல்லு சார். நான் எங்க கீறேன்?”

எத்திராஜின் அதே கம்மல். அந்த ‘சார்’ என்பதில் அதே இழுப்பு.

“நூம்பல்” என்றேன்.

“எப்டி கண்டுபுட்ச?”

மோட்டாரை வைத்து என்று சொல்லியிருக்கலாம். ஊரும் நம்பியிருக்கும். “சத்தத்தை வைத்து இல்லீங்க. உங்க குரலை வைத்து. அவர் செய்றார்னு நான் பழி போட்டதை இப்ப நானே செஞ்சிருக்கேன். நீங்க கன்னியப்பன்தானே?”

பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

“ஆமா சார். அன்னிக்கும் நான் ரேடியோ கேட்டுகினுதான் இருந்தேன். ‘எங்க அண்ணன் குடுக்கல’ன்னு அவன் சந்தோசப்பட்டான் பாரு... ஆனா நான் குடுத்துட்டேனே. அப்பால எந்த மூஞ்ச வச்சிகினு அவனாண்ட போவேன்? போவல. அவன் போற வரிக்கும் போவல.”

ஒரு மனிதனை அவமானப்படுத்தியதாகத்தான் அதுவரை கணக்கு வைத்திருந்தேன்.

“அந்த சத்தம் உன்னாண்ட இன்னும் கீதா?” என்று கேட்டார்.

“இருக்குங்க.”

“போடு சார். அந்த கெணத்து மேலதான் எங்க பிளாட்டு நிக்குது. ஒரு தபா கேக்குறேன்.”

சுமதி பதிவை ஓடவிட்டாள். தப், தப் என்று எத்திராஜ் போட்ட ஒட்டு தட்டத் தொடங்கியது. கன்னியப்பன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் பக்கத்தில் மாடித் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், அந்தப் புது மோட்டார் நின்றுவிட்டது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை, காற்றில் அந்தக் கிணற்று மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.