சித்தப்பாவுக்குத் தெரிந்த வேலை

ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் ஜெர்மன் மொழி முழுவதும் என் கையில் இருந்தது. மின்சாரக் கடிதம், பல் வைத்தியர், பள்ளிக்கூட அறிவித்தல் எல்லாம் என் வாய் வழியாகத்தான் பெரியவர்களிடம் போய்ச் சேரும். அதனால் எனக்கு வந்திருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தால், தெரியாது என்று சொல்லாமல் நானே ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடுவேன்.

ஹம் நகரத்துக்குப் பக்கத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவின் தம்பி எங்களோடு இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி, சில மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொள்ளும் ‘டுல்டுங்’ என்ற தற்காலிகக் கடதாசியில் அவர் காலம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. கலியாணம் முடிந்த இரண்டாம் மாதமே இங்கு வந்தவர். சித்தி யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார். வக்கீல் இரண்டாம் தடவையும் விண்ணப்பம் போட்டிருந்தார். அது சரிவந்தால் சித்தி இங்கே வருவார், சரிவராவிட்டால் சித்தப்பா அங்கே போகவேண்டும். ஊரில் அவர் சைக்கிள் கடையில் வேலை செய்தவர், எந்த ஆயுத இயக்கத்தோடும் தொடர்பில்லாதவர் என்று அந்தக் கோப்பில் எழுதியிருந்தது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் கிழவர் இருந்தார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர். கோடையில் அந்தச் சங்கத்தார் பச்சைக் கோட்டும் இறகு செருகிய தொப்பியுமாக, பாண்ட் வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள். வந்த முதல் வருடம் அதைக் கண்ட அம்மா, ஆமி வந்துவிட்டதென்று யன்னல் சீலையை இழுத்து மூடினாராம். கிழவர் நிலவறையில் பட்டறை ஒன்று வைத்து, பழங்காலத்துத் துப்பாக்கிகளைத் திருத்துவார். அதற்கான அனுமதிப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

சும்மா இருந்து அலுத்துப்போன சித்தப்பா ஒருநாள் அலுமாரி தூக்கிக் கொடுக்கக் கீழே போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். வேலை முடிந்ததும் கிழவர் தான் திருத்திக்கொண்டிருந்த துப்பாக்கிக் குழலைப் பெருமையோடு காட்டினார். சித்தப்பா அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“புரி ஆழம் காணாது,” என்றார்.

புரி என்றால் குழலின் உட்சுவரில் முறுக்கி முறுக்கிப் போகும் கோடுகள். குண்டைச் சுழற்றி நேரே அனுப்புபவை அவைதான். அவற்றின் ஆழம் போதாது என்றிருக்கிறார். இது இப்போது தெரியும். எங்கள் வீட்டில் எல்லாமே ‘விளங்கும்’ அல்லது ‘விளங்காது’. புரிவது, புரியாதது எல்லாம் இந்தியப் படங்களில் மட்டும்தான். ஆகவே நான் சற்றும் தயங்காமல், இந்தக் குழல் இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் என்று கிழவருக்குச் சொன்னேன். கிழவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு தானும் உள்ளே பார்த்தார், சிரிப்பு நின்றது. சித்தப்பா சொன்னது சரியாக இருந்தது.

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். பின்னேரங்களில் சித்தப்பா கீழேதான். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள், போகப்போகக் கூப்பிடுவதில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. சித்தப்பா மேலே வரும்போது கையில் எண்ணெய் மணக்கும், முகம் தெளிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரை அப்படி நான் கண்டதில்லை.

“உங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும் சித்தப்பா?” என்று ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேன்.

அவர் கையில் இருந்த எண்ணெயைச் சேட்டு நுனியில் துடைத்தார். “சைக்கிள் கடையிலை செய்தனாங்கள். இயக்கக்காரர் வந்து செய்யச் சொல்லிச்சினம். ஏலாது எண்டு சொல்லேலுமே? எனக்குப் பதினேழு வயசு.” பிறகு, “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. அவ பயப்பிடுவா,” என்றார்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சித்தப்பாவுக்கு டெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்த நேரம், இருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வழக்கமான நீட்டிப்புத்தானே என்று என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் நல்லவர். எனக்கு ஒரு பேணியிலிருந்து இனிப்பு எடுத்துத் தந்தார். படிவத்தில் எதையோ நிரப்பிக்கொண்டே, வேலை அனுமதி கிடைத்தால் உன் சித்தப்பாவால் என்ன வேலை செய்ய முடியும், என்ன தொழில் பழகியவர் என்று கேட்டார்.

சைக்கிள் திருத்துவது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதை யார்தான் செய்யமாட்டார்கள்? சித்தப்பாவை உயர்த்திவிட வேண்டும் என்று நினைத்தேன். துப்பாக்கிக் குழல் செய்யத் தெரியும், எங்கள் கீழ்வீட்டுக்காரரைவிட நன்றாகச் செய்வார் என்றேன். அந்தப் பெண் தட்டச்சை நிறுத்தினார். எங்கே பழகினார் என்றார். யாழ்ப்பாணத்தில், சைக்கிள் கடையில், நிறையச் செய்திருக்கிறார் என்றேன். ‘நிறைய’ என்பது நானாகப் போட்டது.

சித்தப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேட்டவ?” என்று வெளியே வந்ததும் கேட்டார்.

“உங்களுக்கு என்ன வேலை தெரியும் எண்டு.”

“நல்லாச் சொன்னனீங்களோ?”

“ஓம். நல்லாச் சொன்னனான்.”

என் தலையைத் தடவிவிட்டு, ரயில் நிலையத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தனக்கு வேண்டாம் என்றார்.

பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளரை வைத்து நெடுநேரம் விசாரித்தார்கள். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இம்முறை அதை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. விண்ணப்பம் மறுபடியும் தள்ளுபடி. துப்பாக்கி செய்ததை மறைத்திருக்கிறார் என்றும், ஊரில் சமாதானம் வந்துவிட்டது, போகலாம் என்றும் அதில் இருந்ததாம். என்னால்தான் அப்படி ஆனதா, நான் வாயைத் திறக்காவிட்டாலும் அதே கடிதம்தான் வந்திருக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கதிரையைத் தள்ளிவிட்டுக் கத்தினார், துவக்குக் கதை அவர்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று.

“என்ரை பிழைதான் அண்ணை,” என்றார் சித்தப்பா. “நான்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.”

அவர் போய் அடுத்த வருடமே சண்டை மறுபடி தொடங்கியது. முதலில் தொலைபேசி நின்றது. பிறகு சித்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. தேடாத இடமில்லை. இன்றும் கொண்டாட்டங்களில் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் அப்பா, “அவன் தன்ரை வாயாலை கெட்டவன்,” என்பார். நான் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். பின்னேரமெல்லாம் பட்டறையில் இருந்த சித்தப்பாவுக்கு முதலில் பழகிய ஜெர்மன் சொற்கள் துவக்கும் குழலும்தானே என்று எனக்கு உறைத்தபோது வயது இருபதுக்கு மேல். அந்த அலுவலக மேசையில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்கிறது.

ஒன்பது வயதில் எனக்கு விளங்கியது வேறு. அலுவலகத்தில் அவ்வளவு அழகான ஜெர்மனில் பேசியது நான். அதைச் சித்தப்பா தானே பேசியதாக அண்ணனிடம் சொல்லிப் பெயர் வாங்குகிறார். விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலையில் பையோடு குனிந்து, “போட்டு வாறன் பிள்ளை,” என்றார்.

“அது நான் சொன்னது,” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“ஓம். நீங்கள்தான் சொன்னனீங்கள்,” என்றார். “ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. அம்மாவுக்கு மட்டுமில்லை, ஒருத்தருக்கும்.”

கள்ளச் சித்தப்பா என்று நினைத்துக்கொண்டேன். கார் திரும்பும்வரை அவர் கை காட்டிக்கொண்டே போனார். நான் காட்டவில்லை.