சேர் சொன்னதும் நான் சொன்னதும்

இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிறவனுக்கு ஏச்சு இரண்டு பக்கமிருந்தும் வரும், நன்றி எந்தப் பக்கமிருந்தும் வராது. கொஞ்சம் சிங்களம் தெரிந்த குற்றத்துக்காக ஆஸ்பத்திரி, பொலிஸ், பேங்க் என்று சொந்தக்காரர்களால் இழுபட்ட உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஹட்டனுக்குக் கிட்ட ஒரு கெம்பஸில் படித்துக்கொண்டே, மாணவர் நலப் பிரிவில் மொழிபெயர்க்கிற வேலையைப் பார்த்தேன். அங்கே பொறுப்பாக இருந்த சேருக்குத் தமிழ் வராது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற பெற்றோருக்குச் சிங்களம் வராது.

ரெண்டு வார்த்தை

ஹொஸ்டலில் தண்ணீர் வருவதில்லை என்று கேட்க ஓர் அப்பா வந்தார். சேர் மோட்டரில் தொடங்கி, தான் படித்த காலத்தில் ஆற்றில் குளித்த கதை வரைக்கும் போனார். "இன்னும் கொஞ்ச நாளாகுமாம்" என்றேன் நான். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரு அம்புட்டு நேரம் பேசுனாரு, நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. மிச்சத்த யாரு தம்பி தின்னது?"

கதவு

சிவா முதலாம் வருடம். ராகலைக்கு அப்பால் ஒரு தோட்டம். அங்கிருந்து தினமும் வந்து போக முடியாது, ஹொஸ்டல் இல்லையென்றால் படிப்பும் இல்லை. அவனுடைய போனை யாரோ எடுத்துப் பார்த்து, அவனுக்குப் பிடித்தது ஒரு பையனை என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். கதவில் கரியால் ஒரு சிங்கள வார்த்தை எழுதினார்கள். மெத்தையை மழையில் எறிந்தார்கள். முறைப்பாடு செய்ய வந்தான்.

"எனக்குப் பொம்பளப் புள்ளைங்க மேல மனசு போகாதுண்ணா. அதுக்குத்தான் அடிக்கிறாங்க. சொல்லுங்க" என்றான். அதற்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் பையன்கள் கத்துகிற வார்த்தைகள்தான். அதனால் சுற்றி வளைத்துச் சொன்னேன். சேர் சிரித்துக்கொண்டு, அந்த பஸ் வார்த்தையையே எடுத்து வைத்தார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று தேடினேன்.

சிவா சொன்னான்: "கஷ்டப்படாதீங்கண்ணா. கதவுல இருக்கிறதும் அதேதான். தினம் வாசிச்சிட்டுத்தான் உள்ள போறேன்."

சாப்பாட்டு மேசை

அன்றிலிருந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். "மொழிபெயர்க்கிறது சரிடா, கூட ஒக்காந்து திங்கிறது எதுக்கு? நீயும் அந்தக் கட்சியா?" என்றான் என் அறைத் தோழன். இல்லை என்று வாய் வரை வந்தது. சொன்னால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு வலிக்குமே என்று சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் என் கதவிலும் எழுதியிருந்தது. சிவா வந்து நின்று பார்த்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஒங்களுக்கு எழுதுனவனுக்குக் கையெழுத்து நல்லா இருக்குண்ணா."

ஒரு கேள்வி

கடைசியில் சேர் அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அன்றைய வேலையை விட்டுவிட்டு, நனைந்த சேலையோடு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். "இது ஒரு வியாதி. மருந்து எடுக்கச் சொல். இங்கே நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள், இவனை வைத்திருக்க முடியாது" என்றார் சேர். நடுவில் அந்த பஸ் வார்த்தையும் வந்தது.

"மத்தப் பயலுக தொந்தரவு குடுக்கிறாங்களாம்மா. தம்பி மேல தப்பில்ல. ஆனா ஹொஸ்டல்ல இனி இடமில்லைங்கிறாங்க" என்றேன். சிவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது நானாகவே சிங்களத்தில் கேட்டேன், மெத்தையை எறிந்தவர்களுக்கு என்ன சேர் என்று.

சேர் பேனையை மூடினார். "இது அந்த அம்மா கேட்டதா, நீ கேட்டதா? உன்னை இங்கே கேட்கச் சொல்லி வைக்கவில்லை."

பஸ் ஸ்டாண்ட்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நுவரெலியா பஸ்ஸில் சிவா முன்னாலேயே ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சேர்க்கமாட்டார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன். அம்மா படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"கொழும்புல வீட்டு வேல பார்த்தவ நான். அவரு சொன்னது அம்புட்டும் வெளங்குச்சு தம்பி. இவங்கப்பாகிட்ட நீங்க சொன்னத மட்டும் சொல்லிக்கிறேன்."

நான் செய்ததிலேயே ஆகப் பிழையான மொழிபெயர்ப்பு அதுதான், வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் அது ஒன்றுதான்.